பட்டா உங்கள் பெயரில்... மரம்?

கேள்வி: அப்பா வழியில் வந்த இருபது சென்ட் மனையில் வீடு கட்டப்போகிறேன். வாசல் பக்கம் வேலியோரமாக ஒரு வேம்பு, நடுவில் இரண்டு பனை, ஆறு தேக்கு. கிணற்றடியில் தானாக முளைத்த சந்தன மரம் ஒன்று பட்டுப்போய் நிற்கிறது. மர வியாபாரி, "வி.ஏ.ஓ. கிட்ட ஒரு கடுதாசி வாங்குங்க, ஒரே நாள்ல முடிச்சுத் தர்றேன்" என்கிறார். அது போதுமா?
- வாசகர், மணப்பாறை

பதில்: போதாது. கிராம நிர்வாக அலுவலர் தரும் கடிதம், நிலமும் மரமும் உங்களுடையவை என்பதற்கான சான்று. வெட்ட அனுமதி தரும் அதிகாரம் அவருக்கு இல்லை.

வேம்பில் சிக்கல் குறைவு. கர்நாடகத்தில் 1976-லும் டெல்லியில் 1994-லும் வந்ததைப்போல, தனியார் நிலத்து மரங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் பொதுச் சட்டம் தமிழகத்தின் சமவெளிக்கு இல்லை. ஆனால் 'வேலியோரம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. வேலி இருக்கும் இடமெல்லாம் எல்லை அல்ல. புலப்படத்தை வைத்து சர்வேயரை அளக்கச் சொல்லுங்கள். அடிமரம் பாதைப் புறம்போக்கில் இருந்தால் அது அரசு மரம். உங்கள் தாத்தா பெயரில் 2சி பட்டா இருந்தாலும், புறம்போக்கு மரத்தின் பலனை அனுபவிக்கத்தான் அது, வெட்டுவதற்கு அல்ல.

பனைக்கு மாவட்ட ஆட்சியரிடம் போக வேண்டும். செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் பனை போய்க்கொண்டிருந்த நிலையில், 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்தார்கள். மாநில மரத்துக்கு இவ்வளவு தாமதமாக வந்த கவனம்! வீட்டு வரைபடத்தைக் கொஞ்சம் நகர்த்திப் போட முடியுமா என்று பொறியாளரைக் கேட்டுப் பாருங்கள். பனைக்காகக் கார் நிறுத்துமிடம் இடம் மாறினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

சந்தனத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். பட்டுப்போனதுதானே என்று நினைக்க வேண்டாம். வாசமும் விலையும் வைரத்தில் இருக்கின்றன, செத்த மரத்துக்கும் அது உண்டு. பட்டா நிலச் சந்தன மரம் உரிமையாளருக்கே சொந்தம் என்ற நிலை 2002-இல் வனச் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் வந்தது. ஆனாலும் 2008-ஆம் ஆண்டு விதிகளின்படி அதை எடுப்பதும் விற்பதும் வனத்துறை வழியாகத்தான். வேரிலும் எண்ணெய் இருப்பதால் அடியோடு தோண்டித்தான் எடுப்பார்கள். வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு, அது களவு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேக்கை வெட்டுவதைவிட ஏற்றிப்போவதில்தான் வம்பு. 1968-ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் லாரி நகரக் கூடாது. வழியில் பிடித்தால் வண்டியோடு நிற்க வேண்டியதுதான். பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றோடு அந்த வி.ஏ.ஓ. கடிதமும் இங்கேதான் பயன்படும். "பர்மிட்டை நாங்க பாத்துக்கறோம்" என்பார் வியாபாரி. சீட்டைக் கண்ணால் பார்க்காமல் மரத்தில் ரம்பம் பட விடாதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு சில்வர் ஓக் எங்கள் கூரைமேல் சாய்ந்து நிற்கிறது. மழைக்காலம் வந்தாலே தூக்கம் போய்விடுகிறது. அவரோ, "பர்மிஷன் கிடைக்காது" என்று கைவிரிக்கிறார்.
- வாசகி, குன்னூர்

பதில்: அவர் சொல்வது பாதி உண்மை. உங்கள் ஊருக்கு 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். சொந்தத் தோட்டமானாலும் மாவட்டக் குழுவின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது, வேரோடு சாய்க்கக் கூடாது. பட்டையை உரித்துக் காயவிடும் பழைய தந்திரமும் மரத்தைச் சேதப்படுத்துவதாகவே கணக்கு. ஆனால் ஆபத்தான மரம் என்றால் கேட்க வழி இருக்கிறது. கோட்டாட்சியருக்குப் புகைப்படங்களோடு மனு எழுதுங்கள். விழும் நிலையிலுள்ள மரத்தை அகற்றும்படி உரிமையாளருக்கு உத்தரவிட, உட்கோட்ட நடுவர் என்ற முறையில் அவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவு. 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152. மனு உங்கள் பெயரிலேயே போகலாம். பக்கத்து வீட்டாரின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டாம். கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.