பாஸ் ஆனது பிள்ளையா, வகுப்பா?

மே மாதக் கடைசியில் பெங்களூர் அவென்யூ ரோடில் கால் வைக்க இடம் இருக்காது. நோட்டு, லேபிள், பிரவுன் ஷீட், பழைய பாடப்புத்தகம் என்று பள்ளி கொடுத்த லிஸ்டைப் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். பிள்ளைக்கு எதுவரை தெரியும் என்பது மட்டும் எந்த லிஸ்டிலும் இல்லை. கொரோனாவில் பள்ளி பூட்டியபோது விட்டுப்போன பாடம் இன்னும் பாக்கி இருக்கலாம். அது போய் இத்தனை வருஷம் ஆயிற்றே என்கிறீர்களா? 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை எஸ்எஸ்எல்சி எழுதப்போவதே 2030-ல்தான்.

நம்பிக்கை: வருஷா வருஷம் பாஸ் ஆகிறானே, பாடம் வந்திருக்கும்.

உண்மை: கர்நாடகத்தில் 2020 மார்ச்சில் மூடிய 1 முதல் 5 வரையான வகுப்புகள் 2021 அக்டோபர் 25-ல்தான் திறந்தன. 2022 ஜனவரியில் ஒமிக்ரான் அலை வந்ததும் பெங்களூரில் மறுபடி சில வாரம் பூட்டு. வகுப்பு எண் மட்டும் நிற்காமல் ஏறியது. பெங்களூரில் உள்ள அஸீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் கர்நாடகம் உட்பட 5 மாநிலங்களில் 16,067 அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தியது. முந்தைய வருஷம் கைவந்திருந்த மொழித்திறனில் ஒன்றையாவது 92 சதவீதம் பேர் மறந்திருந்தார்கள். கணக்கில் அது 82 சதவீதம். புதுப் பாடம் வராமல் போனது ஒரு நஷ்டம் என்றால், வந்த பாடமும் கைவிட்டுப் போனது இன்னொன்று.

வீட்டிலேயே சோதிக்கலாம். 52-லிருந்து 37-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். விடை 15 வந்தால் நல்லது. 25 என்று எழுதினால் கவனியுங்கள்: 7-ல் 2 போக 5, 5-ல் 3 போக 2 என்று, பெரிய எண்ணிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். கடன் வாங்கிக் கழிப்பது அவனுக்குப் பிடிபடவே இல்லை. ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும், கணக்கில் அவன் நிற்கும் இடம் அதுதான்.

நம்பிக்கை: ஆன்லைன் கிளாஸ் நடந்ததே.

உண்மை: நடந்தது, பலருக்கு எட்டவில்லை. அதே பல்கலைக்கழகம் 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களால் ஆன்லைன் வகுப்பில் சேர முடியவில்லை. போனும் நெட்டும் இருந்த வீடுகளிலும், பிள்ளை பென்சில் பிடித்து எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து, அங்கேயே திருத்த டீச்சரால் முடியவில்லை. தப்பு தப்பாகவே பழகிப்போனது.

நம்பிக்கை: கன்னடம் தெருவில் விளையாடினாலே வந்துவிடும்.

உண்மை: பேச்சு வரும், படிப்பு வராது. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் முதல் அல்லது இரண்டாம் மொழியாகக் கட்டாயம். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிக்கல் ஒத்தக்ஷரத்தில், அதாவது கூட்டெழுத்தில் வருகிறது. ‘அக்கா’ என்பதில் நாம் இரண்டு எழுத்தையும் அடுத்தடுத்து எழுதுவோம். கன்னடத்தில் இரண்டாவது ‘க’ முதல் ‘க’வுக்குக் கீழே போய் உட்காரும். இதைப் பார்த்து எழுதிப் பழக வேண்டிய வயதில் பள்ளி பூட்டிக் கிடந்தது. ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தயங்குகிறான் என்று தெரிந்துவிடும்.

நம்பிக்கை: லீவிலேயே அடுத்த வகுப்புப் புத்தகத்தை டியூஷனில் முடித்துவிட்டால் போதும்.

உண்மை: கர்நாடக அரசே வேறு வழியில் போனது. 2022-23-ஐக் ‘கலிகா சேதரிகே’, அதாவது கற்றல் மீட்பு ஆண்டு என்று அறிவித்து, பள்ளிகளை வழக்கத்தைவிட இரண்டு வாரம் முன்னதாக, மே 16-லேயே திறந்தது. விட்டுப்போன முந்தைய வகுப்புத் திறன்களைப் பயிற்சித் தாள்கள் வைத்துப் பிடிப்பதே திட்டம். வீட்டிலும் அதையே செய்யலாம். டியூஷன் வைப்பதானால், எந்த வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்குவார்கள் என்று முதலில் கேளுங்கள்.

நம்பிக்கை: கொரோனாவில் படிப்பை விட்ட பிள்ளைகள் கதை அவ்வளவுதான்.

உண்மை: இல்லை. கிராமப்புற இந்தியாவை அளக்கும் ஏசர் ஆய்வில், அரசுப் பள்ளி ஐந்தாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் 2018-ல் 44.2 சதவீதம்; 2022-ல் 38.5, 2024-ல் 44.8. இந்தக் கடைசித் தொகுதிதான் 2020-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள். எழுந்துவிட்டார்கள். ஆனால் எழுந்த பிறகும் பாதிக்கு மேல் அந்த இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரியாதவர்களே. கொரோனாவுக்கு முன்னாலும் நிலைமை இதுதான் என்பதையும் மறக்கக் கூடாது.

சராசரி ஏறியதில் நம் பிள்ளை ஏறினானா என்பதைப் பெற்றோர்தான் பார்க்க வேண்டும். பள்ளி திறந்த முதல் வாரத்தில் டீச்சரைப் பார்த்தால் ரேங்க் கேட்க வேண்டாம். கழித்தல் தாளையும் கன்னடப் பத்தியையும் காட்டி, “இவன் எந்த வகுப்புப் பாடத்தில் நிற்கிறான் மேடம்?” என்று கேளுங்கள். பதில் ‘இரண்டாம் வகுப்பு’ என்று வந்தால் அவமானம் இல்லை. தொடங்க வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.