ஒரு குழலில் இரு குரல்

தீபாராதனையின்போது ஆலய மணி ஒலிக்கிறது. செவிக்கு அது ஓர் ஓசையே போலத் தோன்றினும், உற்றுக் கேட்பார்க்கு அதனுள் பல ஒலிகள் கலந்திருப்பது புலனாகும். அடித்தவுடன் எழும் கூரிய மேலொலி விரைவில் அடங்க, தாழ்ந்த ரீங்காரம் மட்டும் நெடுநேரம் நிற்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கிடையே பாரவண்டிகளின் இரைச்சலைக் கடந்து சேரப்பணஞ்சேரிக்கு உற்சவம் சேவிக்க வரும் அன்பர்கள், நாதஸ்வர இசையிலும் இந்நுட்பத்தைக் காணலாம்.

நாதஸ்வரத்தின் வாயில் பொருத்தப்படுவது சீவாளி. நாணல் தட்டையைப் பதப்படுத்திச் செய்யப்படும் அதன் இரு இதழ்களும் விரைந்து திறந்து மூடி மூச்சைத் துண்டு துண்டாகக் குழலுக்குள் செலுத்துகின்றன. குழலோ மேலே குறுகி, கீழே செல்லச் செல்ல விரிவது. இத்தகைய குழலிலுள்ள காற்று, ஏறக்குறைய முழு எண் மடங்குகளில் அதிரும் இயல்புடையது. அடிப்படை அதிர்வு விநாடிக்கு 250 எனில், அதனோடு 500, 750, 1000 என்பனவும் எழும். சீவாளி இவற்றைக் கூட்டியும் கழித்தும் புதிய அதிர்வுகளை உண்டாக்கும். ஆயினும் 750இல் 500 போக மிஞ்சுவது 250; 250உம் 500உம் சேர்ந்தால் 750. பிறப்பதெல்லாம் அதே குடும்பத்தில் அடங்கிவிடுவதால், செவி பலவற்றையும் ஒரே சுரமாகக் கேட்கிறது.

விரல்கள் துளைகளை முறைமாறி மூடும்போது இவ்வொழுங்கு குலையக்கூடும். குழல் 250இலும் 590இலும் அதிர முற்படுவதாகக் கொள்வோம். அப்போது 340, 840 என உறவற்ற அதிர்வுகள் தோன்றும். ஒரே குழலிலிருந்து இரண்டு மூன்று குரல்கள் கரகரத்து எழுவது இதனாலேயே. மேல்நாட்டில் இத்தாலியரான புருனோ பர்த்தொலோட்சி 1967இல் வெளியிட்ட நூலில் இதனை ஒரு வாசிப்பு முறையாகவே வகுத்துரைத்தார். ஜான் பாக்கஸ் என்னும் பௌதிக அறிஞர் 1978இல் இதன் காரணத்தை ஆராய்ந்து எழுதினார். நம் வித்துவான்களோ துளையைப் பாதி மூடியும் மெல்லத் திறந்தும் கமகம் பிடிக்கையில், மூச்சாலும் உதட்டின் அழுத்தத்தாலும் ஒரு குரலையே நிறுத்துகின்றனர். இஃது எளிய செயலன்று; ஆண்டுக்கணக்கான சாதகத்தின் பயன்.

மிருதங்கத்தில் இதே இடர்ப்பாட்டைக் கருவி செய்தோரே தீர்த்து வைத்தனர். வெறும் தோல் அடிபட்டால் 1, 1.59, 2.14 என ஒவ்வாத விகிதங்களிலேயே அதிரும். வலந்தலையின் நடுவே அப்பிய கருஞ்சாந்து அவற்றை முழு எண் மடங்குகளின் அருகே இழுத்து வருகிறது. சர் சி. வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் இதனை உலகறியச் செய்தார்.

இரு குரல் வேண்டுமெனில் அதற்கு நம் மரபில் தனிக் குழலே உண்டு, அதுவே ஒத்து. இன்று பல இடங்களில் சுருதிப்பெட்டி அதன் இடத்தைக் கொண்டுள்ளது. ஆதார சுருதி 250ஆக இருக்க, நாதஸ்வரத்தின் ஷட்ஜம் 252ஆக நின்றால், விநாடிக்கு இருமுறை ஓசை ஏறித் தணியும். புறப்பாட்டிற்கு முன் சுருதி சேர்க்கும் வேளையில் அருகே நின்றால், அந்த அலைவு மெல்ல மெல்லத் தளர்ந்து, பின் அறவே மறைவதைக் கேட்கலாம்.