வருவது வேறு, பிழைப்பது வேறு

அன்புள்ள மலர்,

"மெலனோமா பரம்பரையாக வந்தால் பிழைக்கவே முடியாதா அத்தை?" என்று கேட்டிருந்தாய். இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டாய். நோய் வருமா என்பது ஒன்று. வந்தால் பிழைப்போமா என்பது இன்னொன்று.

முதல் கேள்வி பழசு. 1820-இல் வில்லியம் நோரிஸ் என்ற ஆங்கில மருத்துவர், இந்தத் தோல் புற்றுநோய் வந்த 59 வயதுக்காரரைப் பற்றி எழுதினார். அவருடைய தந்தையும் அதே நோயில் இறந்தவர்; குடும்பத்தில் பலருக்கு மச்சங்கள் அதிகம். இது பரம்பரை நோய் என்று நோரிஸ் ஊகித்தார். மரபியலின் தந்தை மெண்டல் பிறக்கவே அப்போது இரண்டு வருடம் பாக்கி!

1994-இல் அதற்குக் காரணமான மரபணு ஒன்று அகப்பட்டது: சிடிகேஎன்2ஏ. செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் பிரேக் அது. பிரேக் பழுதான மரபணுவோடு பிறந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பும் கூடுதல், வந்தபின் பிழைக்கும் வாய்ப்பும் குறைவு என்று ஸ்வீடனில் கண்டார்கள். ஆனால் மெலனோமா நோயாளிகளில் மிகச் சிலருக்கே இந்தப் பழுது உண்டு.

எம்சி1ஆர் மரபணுவின் கதை வேறு. செம்பட்டை முடியும் வெயிலில் வெந்துபோகும் வெள்ளைத் தோலும் தருவது அதில் ஏற்படும் மாற்றம். நோயை வரவழைப்பதில் கெட்டிக்காரன். ஆனால் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் முன்னின்று 2012-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த மாற்றம் உள்ள நோயாளிகளே சற்றுக் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். எல்லா ஆய்வுகளும் இதை ஒப்பவில்லை என்பதையும் குறித்துக்கொள்.

சிகிச்சையிலும் பரம்பரை தலைகாட்டுகிறது. புற்றுச் செல்லின் துணுக்குகளை நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுப்பவை எச்எல்ஏ புரதங்கள். அவற்றின் மரபணுக்களை அப்பாவிடமிருந்து ஒரு வகை, அம்மாவிடமிருந்து வேறு வகை என்று பெற்றவர்கள், அந்த எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபிக்குப் பின் அதிக நாள் வாழ்ந்ததாக 2018-இல் ஒரு ஆய்வு சொன்னது. வகை கூடினால் காட்டப்படும் துணுக்குகளும் கூடும்.

பிழைப்பதைத் தீர்மானிப்பதில் இத்தனைக்கும் மேலே நிற்பது கட்டியின் தடிமன். 1970-இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ அதை மில்லிமீட்டரில் அளந்து காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

நம்மைப் போன்ற கருத்த தோல்காரர்களுக்கு மெலனோமா அபூர்வம். வந்தால் உள்ளங்காலிலோ நகத்தடியிலோதான் அதிகம். வெயிலுக்கும் இந்த வகைக்கும் பெரிய சம்பந்தமில்லை. பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் வந்தது. 1981-இல், 36 வயதில் இறந்தார். நம்மவர்கள் காயம், ஆணி என்று நாளைக் கடத்தித் தாமதமாகப் போவதுதான் பெரிய ஆபத்து.

ஆகவே உன் தாத்தாவின் உள்ளங்காலை ஒருமுறை பார். புதிதாகக் கருப்புத் திட்டு இருந்தாலோ, பழையது பெருத்தாலோ, இந்த வாரமே தோல் டாக்டரிடம் கூட்டிப் போ.

அன்புடன்,
அத்தை