காரீயப் படையும் மீக்கடத்தலும்

மாணவர்களே, பென்சிலால் கோடு கீறும்போது காரீயத்தின் காபன் படைகள் கழன்று தாளில் ஒட்டுகின்றன. ஒவ்வொரு படையிலும் ஒரு காபன் அணு வேறு மூன்று அணுக்களுடன் பிணைந்துள்ளது. நான்காவது வலுவளவு இலத்திரன் படை வழியே அசையும். காரீயம் மின்னைக் கடத்துவது இதனாலேயே. எமது நாட்டில் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் அகழப்படும் காரீயம் தூய்மைக்குப் பெயர்பெற்றது.

அப்படைகளுள் ஒன்றைத் தனியே பிரித்தால் அது கிரபீன் ஆகும். 2004 இல் மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கெய்ம், நோவோசெலோவ் ஆகியோர் சாதாரண ஒட்டுநாடாவால் உரித்தே இதனைப் பெற்றனர் (2010 இல் நோபல் பரிசு).

இப்போது இரு நுளம்பு வலைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலுள்ளதைச் சற்றே திருப்பிப் பாருங்கள். வலைக்கண்களைவிடப் பெரிதான புதிய கோலமொன்று தெரியும். திருக்கோவில் கரையில் மடித்துக் காயவிட்ட மீன்வலையிலும் இதனைக் காணலாம். இரு கிரபீன் படைகளை 1.1 பாகை திருப்பினால் ஏறத்தாழ 13 நனோமீற்றர் இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் கோலம் உண்டாகிறது. அதில் இலத்திரன்களின் வேகம் பெரிதும் குறைய, அவை ஒன்றிலொன்று கொள்ளும் தாக்கம் மேலோங்குகிறது. வேகக்குறைவை 2011 இல் பிஸ்ட்ரிட்ஸர், மக்டொனால்ட் இருவரும் கணித்துக் கூறினர். 2018 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஹரியோ-எரேரோ குழுவினர் அதனைச் செய்து பார்த்தனர். ஏறத்தாழ 1.7 கெல்வினில், அதாவது -271.5 பாகை செல்சியசில், அது மீக்கடத்தியாயிற்று. வேறு மூலகம் எதுவும் கலக்கப்படவில்லை. மின்னழுத்தத்தால் இலத்திரன் எண்ணிக்கை மட்டுமே மாற்றப்பட்டது. இலத்திரன்கள் சோடிசேரும் காரணம் இன்னும் ஆராயப்படுகிறது.

பிழைவிடும் இடங்கள்: "மீக்கடத்தியின் தடை மிகக் குறைவு" என எழுதாதீர்கள். செம்பைக் குளிர்த்தினாலும் தடை குறையும்; ஆனால் பூச்சியமாகாது. மீக்கடத்தியில் அவதி வெப்பநிலைக்குக் கீழ் தடை பூச்சியமே. 1911 இல் கமர்லிங் ஒன்ஸ் இரசத்தில் 4.2 கெல்வினில் முதன்முதலாகக் கண்டதும் இதுவே. "தடை பூச்சியம், எனவே மின்னோட்டம் முடிவிலி" என்பதும் தவறு. அவதி மின்னோட்டத்தைத் தாண்டினால் மீக்கடத்தும் இயல்பே அற்றுப்போகும். திருப்பாத தனிப்படைக் கிரபீன் நல்ல கடத்தி மட்டுமே.

பயிற்சி: 0.5 ஓம் தடையுள்ள செப்புக் கம்பியிலும், ஒரு மீக்கடத்திக் கம்பியிலும் 2 அம்பியர் மின்னோட்டம் 60 செக்கன் பாய்கிறது. ஒவ்வொன்றிலும் பிறக்கும் வெப்பம் யாது?

விடை: செம்பில் 2 × 2 × 0.5 × 60 = 120 யூல். மீக்கடத்தியில் பூச்சியம், அதன் முனைகளுக்கிடையே அழுத்த வித்தியாசமும் பூச்சியம்.