நெஞ்சொடு பேசும் முறை

ஆடிப்பூரத் திருத்தேரைச் சேவிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேரும் அன்பர்களுள், சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தினர் பலர். பட்டாசுத் தொழிலால் பிழைப்பவர்கள். அவர்தம் இல்லங்களில் ஓசையின்றி நடைபெறும் ஒரு பேச்சைக் குறித்துச் சில கூற விரும்புகிறோம்.

2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்த விபத்துகள் பல. இங்ஙனம் மகனைப் பறிகொடுத்த தாயின் மனம் என்ன சொல்லும்? "நான்தானே அன்று வேலைக்கு அனுப்பினேன், நானே கொன்றேன்" என்னும். பகலில் பத்து முறை, இரவில் நூறு முறை. வெளியில் எவர் காதிலும் விழாமையால் மறுப்பாரும் இல்லை. மறுப்பாரின்மையால் அதுவே மெய்யென நிலைத்துவிடுகிறது.

ஆழ்வார்கள் நெஞ்சைத் தனியே பேச விட்டவர்கள் அல்லர். நம்மாழ்வார் பெரிய திருவந்தாதியின் 87 பாசுரங்களைத் தொடங்கும்போதே நெஞ்சை முன்னிறுத்தி விளிக்கிறார். திருவாய்மொழியின் முதற்பாசுரமும் மனத்தை நோக்கியதே.

இவ்வூர்ப் பெரியாழ்வாரின் சரிதமோ இதனினும் தெளிவானது. பாண்டியன் அவையில் பரதத்துவத்தை நிலைநாட்டிப் பொற்கிழி பெற்று, யானைமேல் பவனி வருங்கால், எம்பெருமான் கருடவாகனத்தில் காட்சியளித்தான். பிறராயின் மகிழ்ந்திருப்பர், ஆழ்வாருக்கு அச்சம் உண்டாயிற்று. இப்பேரழகுக்குக் கண்ணேறு பட்டுவிடுமோ என்று நடுங்கினார். அந்த அச்சத்தை அவர் மறைக்கவுமில்லை, அதற்கு இரையாகவுமில்லை. யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு திருப்பல்லாண்டு பாடினார் என்பது குருபரம்பரை கூறும் வரலாறு. அனைத்தையும் காப்பவனுக்கே காப்பிடுவது தகுமோ என்ற வினாவுக்கு, அன்பு மிகுந்தவிடத்து அறிவு முறை மாறும் என்பது பூர்வாசார்யர்கள் காட்டிய கருத்து. அச்சத்தின் அடியில் இருந்தது அன்பு. ஆழ்வார் அந்த அன்பைப் பேச வைத்தார். "நானே கொன்றேன்" என்பதன் அடியில் இருப்பதும் அன்பன்றி வேறென்ன?

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் மனச்சோர்வுற்றோரிடம் ஒன்றைக் கண்டார். தம்மைப் பழிக்கும் எண்ணங்கள் நொடியில் தோன்றி மறைகின்றன. நோயாளரோ அவற்றை ஆராயாமலே நம்பிவிடுகின்றனர். அவ்வெண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்குச் சான்று யாது, எதிர்ச்சான்று யாது என வினவி, மெய்யான விடையை எதிரே எழுதுமாறு அவர் பயிற்றினார். இனிக்கும் பொய்யை எழுதச் சொன்னாரில்லை. மேற்சொன்ன தாய் எழுதுவாளாயின், "அனுப்பியது உண்மை. அன்று மருந்து வெடிக்குமென்று அறிந்து அனுப்பினேனில்லை. அவன் கூலியால் வீடு நடந்தது. அவனின்றித் தவிக்கிறேன்" என்று எழுதலாம். எழுதத் தெரியாதவள் உடன்பிறந்தாளிடம் வாய்விட்டுச் சொல்லலாம். துயரம் இதனால் தீராது. பழி மட்டும் சற்றே இறங்கும்.

இங்கே ஒன்றை வற்புறுத்தியாக வேண்டும். தொழிற்சாலையில் எழும் அச்சமெல்லாம் வீணெண்ணம் அன்று. மருந்துக் கலவையில் உராய்வு, அறையில் அளவுக்கு மிஞ்சிய ஆட்கள், வெயிலில் குவித்த சரக்கு ஆகியவற்றைக் கண்டு நெஞ்சம் "வேண்டாம்" என்றால், நெஞ்சு சொல்வதே சரி. "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்று அதன் வாயை அடைப்பதுதான் பொய்ப்பேச்சு. கையிலுள்ளதை மெல்ல வைத்துவிட்டு வெளியே வந்து, போர்மேனிடம் சொல்லுக.

உறக்கமும் உணவும் பல வாரம் அற்றுப்போய், உயிரை விட்டுவிடலாம் என்னும் எண்ணமும் எட்டிப்பார்க்குமாயின், தாளும் எழுதுகோலும் போதா. அத்தகையோரைத் தனியே இருக்க விடாது வீட்டார் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுக. 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.