கறுப்பு வெள்ளையில் நயினாதீவு

வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகள் படத்தைத் தட்டித் தட்டியே யாழ்ப்பாணத்து நயினாதீவைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், டெக்கர் என்ற இலவசச் செயலியில் ஒரு அட்டைத்தொகுப்புச் செய்துவருகிறேன். ஜோன் ஏர்னெஸ்ட் எழுதிய இந்தச் செயலி, பில் அட்கின்சன் ஆப்பிளுக்காக 1987இல் வெளியிட்ட ஹைப்பர்கார்ட் என்ற செயலியின் வழியில் வந்தது. ஒரு அட்டை வழக்கமாக 512க்கு 342 புள்ளி. முதல் மக்கின்டோஷ் திரையின் அதே அளவு. கறுப்பு வெள்ளையில் முழு அட்டைப் படமே ஏறக்குறைய 22 கிலோபைட்தான். முழுத் தொகுப்பையும் ஒரே எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்து அனுப்பலாம், இணையம் இல்லாமலும் திறக்கும்.

போட்டோவை உள்ளே எடுத்ததும் சாம்பல் நிறங்கள் எல்லாம் கறுப்புப் புள்ளித் தூவலாக மாறும். இந்த மாற்றத்தைச் செய்யும் அட்கின்சன் முறையில், ஒரு புள்ளியைக் கறுப்பு அல்லது வெள்ளை என்று தீர்மானிக்கும்போது வரும் வித்தியாசத்தில் முக்கால் பங்குதான் அயல் புள்ளிகளுக்குப் போகும்; மிச்சம் விடுபடும். அதனால் வெளிச்சம் வெளுக்கும், நிழல் கறுக்கும். நயினாதீவுக்குப் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறையின் நடுப்பகல் வானத்துக்கு அது நன்மையே. படகும் பனையும் பளிச்சென்று எழும். தீவின் நாகபூஷணி அம்மன் கோயில் கோபுரத்துக்கு அது ஆகாது. சுதைச் சிற்பங்கள் நெருங்கி நின்று வெறும் இரைச்சலாகிவிடும். கோபுரம் முழுவதும் வேண்டுமானால் வானத்துக்கு எதிரே வெளிவடிவமாக எடுங்கள். சிற்பம் வேண்டுமானால் ஒரே நிலையை மட்டும் வெட்டி எடுங்கள். வெட்டுவது, சிறிதாக்குவது, மாறுபாட்டைக் கூட்டுவது எல்லாம் டெக்கருக்கு வெளியிலேயே முடியட்டும்.

புள்ளி புள்ளியாக நீங்களே வரைந்த படத்தை பிஎன்ஜி அல்லது ஜிஃப் கோப்பாக வையுங்கள். ஜேபெக் வேண்டாம், அது கோட்டோரத்தில் விடும் மெல்லிய சாம்பல், உள்ளே வந்ததும் அழுக்குப் புள்ளியாகத் தெரியும். பெரிதாக்கினால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில் மட்டும்.

அதிகம் மெனக்கெட வேண்டியது தமிழில்தான். டெக்கரின் எழுத்துத் தொகுதியில் தமிழ் இல்லை, ஆகவே தலைப்பும் விளக்கமும் படமாகத்தான் உள்ளே போக வேண்டும். கிம்ப் என்ற படச் செயலியில் எழுத்தோரத்தை மென்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டு, அட்டையில் வரப்போகும் அதே அளவில் எழுதுங்கள். சிறுத்தால் சுழிகள் அடைபடும். "நாகபூஷணி" என்பதில் ணகரத்தின் மூன்று சுழி இரண்டாகத் தெரிந்தால் அம்மனின் பெயரே பிழையாகிவிடும். "அம்மன்" என்பதில் மகர, னகரப் புள்ளிகள் ஒற்றைப் புள்ளியாக நின்றால் கண்ணுக்குத் தப்பும். இரண்டுக்கு இரண்டாகக் கையால் தடிப்பாக்குங்கள். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், குறுக்குவழி இல்லை.

எழுத்துரு வடிவமைப்போரிடம் ஒரு வேண்டுகோள்: சின்னத் திரைக்கென்றே புள்ளி புள்ளியாக வரைந்த தமிழ் எழுத்துகளைத் திறந்த உரிமத்தில் தாருங்கள். ணகரத்தையும் னகரத்தையும் முதலில் வரைந்து பாருங்கள்.