நின்று செய்வதா, அமர்ந்து செய்வதா?
வேலை மேசையைப் பற்றி அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

கைத்தொழில் புரிவோர் தம் கருவியைப் பேணுவதில் காட்டும் கருத்தைத் தம் உடலைப் பேணுவதில் காட்டுவதில்லை. அச்சில் ஒரு பல் வளைந்தால் உடனே நிமிர்த்துகிறோம். நாடாவின் முனை தேய்ந்தால் அன்றே மாற்றுகிறோம். முதுகு வளைந்தாலோ, "வயதாகிவிட்டது" என்று சொல்லி அமைந்துவிடுகிறோம். நாற்பது வயதில் வந்த வளைவுக்கு வயது காரணமா, வேலை செய்யும் இடம் காரணமா என்று கேட்போர் சிலரே. இம்மாதப் பாடம் அக்கேள்வியைப் பற்றியது.

இதை எழுதத் தூண்டியது என்னுடைய பிழையே. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்கைப் பார்வையிட்டபோது, "முக்காலி, கால்பலகை வாங்கிய வகையில்" என்று ஒரு செலவு இருக்கக் கண்டேன். துணியைப் பார்வையிட்டு மடிக்கும் பெண்களுக்கும், தறியில் அமரும் உயரம் குறைந்த சிலருக்கும் அவை வாங்கப்பட்டனவாம். "இன்றியமையாத செலவன்று" என்று குறிப்பெழுதினேன். சங்கத்தலைவர் மறுமொழி கூறவில்லை. மடிப்பு மேசையருகில் நின்ற மூதாட்டி ஒருவர் மட்டும், "ஐயா நாற்காலியில் உட்கார்ந்து எழுதிவிட்டீர்கள், ஒரு நாள் இங்கே நின்று பாருங்கள்" என்றார். அப்போது அச்சொல் எனக்கு உறைக்கவில்லை.

என் மேசை கற்பித்தது

யானைக்கவுனியில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடியில் ஒரு சிறிய இடம் உண்டு. விடுமுறை நாட்களில் மரவேலை செய்வது என் பொழுதுபோக்கு. பழைய உணவு மேசை ஒன்றை வாங்கி அங்கே போட்டு, அதன்மேல் இழைப்புளி தள்ளலானேன். மேசையின் உயரம் 75 செ.மீ. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், தரையிலிருந்து என் முழங்கை 105 செ.மீ. உயரத்தில் உள்ளது. ஆகவே சிறு வேலை ஒவ்வொன்றுக்கும் நான் குனிய வேண்டியதாயிற்று. இரண்டு மாதத்தில் இடுப்பு வலி கண்டது. நின்றதால் வந்த வலி என்று எண்ணி, அதே மேசைக்குச் சாதாரண நாற்காலி ஒன்றைப் போட்டு அமர்ந்தேன். அமர்ந்து இழைக்கையில் கையில் வலுவில்லை; தோள் வலித்தது. நின்றாலும் குற்றம், அமர்ந்தாலும் குற்றம் என்றால் பிழை எங்கே? இக்கேள்வி எழுந்த பின்னரே அம்மூதாட்டியின் சொல் நினைவுக்கு வந்தது.

ஒரே கடையில் மூன்று நிலைகள்

நம் ஊர்த் தையற்கடையை உற்று நோக்குங்கள். துணி வெட்டுபவர் உயர்ந்த மேசையருகே நிற்கிறார். தைப்பவர் இயந்திரத்தின்முன் அமர்ந்திருக்கிறார். காஜா எடுக்கும் சிறுவேலைக்காரர் பல கடைகளில் தரையிலேயே அமர்கிறார். இவர்கள் மூவரும் தத்தம் விருப்பத்தால் இவ்வாறு இருப்பவரல்லர். வெட்டுபவருக்குக் கை நெடுந்தூரம் நீள வேண்டும். மேசையைச் சுற்றி வரவும் வேண்டும். தைப்பவருக்குக் கால் மிதியில் இருக்க வேண்டும். கண் ஊசியருகே நிலைக்க வேண்டும். காஜா எடுப்பவருக்கோ மடியே மேசை. ஆகவே நிற்பதா அமர்வதா என்பதை முடிவு செய்வது வேலையின் தன்மையே.

யானைக்கவுனியிலிருந்து தங்கசாலைத் தெருப் பக்கம் நடந்து சௌகார்பேட்டைக்குச் சென்றால், பொற்கொல்லர் தாழ்ந்த பலகையின்முன் தரையில் அமர்ந்து நுண்பணி செய்வதைக் காணலாம். பழைய முறைத் தச்சரும் தரையில் அமர்ந்து, மரத்தைக் கால்விரலால் பற்றிக்கொண்டு உளி செலுத்துவர். பற்றுக்கருவி வாங்க வேண்டாத சிக்கனமான முறை அது. ஆனால் முழங்காலுக்குப் பெருஞ்சுமை.

நெசவாளரின் பழைய நாள்

நம் வடசென்னை நெசவுக்குப் புதிய இடமன்று. திருவொற்றியூரில் உள்ள காலாடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராயிருந்த ஜோசப் காலட் என்பவரின் பெயரால் நெசவாளர்க்கென அமைந்த குடியிருப்பு. 1734இல் அமைந்த சிந்தாதிரிப்பேட்டையும், சின்னத் தறிப் பேட்டை என்று பெயருக்கு விளக்கம் கூறப்படுவதற்கேற்ப, நெசவாளர்க்காக எழுந்ததே.

அக்காலத்து நெசவாளர் குழித்தறியில் அமர்ந்தார். தரை மட்டத்தில் இருக்கை, குழிக்குள் கால், காலடியில் மிதி. மண்ணின் ஈரம் நூலுக்கு நன்மை செய்தது. ஆனால் அவர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார் என்று எண்ணலாகாது. பாவு ஓடுவதற்கும், அதைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்கும் விடியற்காலையில் நடையாய் நடந்தார். அமர்தல், நிற்றல், நடத்தல் ஆகிய மூன்றும் அவர் தொழிலில் மாறி மாறி வந்தன. இன்று சுற்றி முடித்த பாவு வீட்டுக்கே வந்து சேர்கிறது. வேலை எளிதாயிற்று, ஆனால் நடை போயிற்று. விசைத்தறிக் கூடத்திலோ இதற்கு நேர்மாறு: பல தறிகளைப் பார்க்கும் தொழிலாளி வேலை நேரம் முழுவதும் நின்றும் நடந்தும் கழிக்கிறார், அமர இடமில்லை. ஒருவருக்கு அமர்தலே தண்டனை, மற்றவருக்கு நிற்றலே தண்டனை ஆகிவிட்டது.

மருத்துவர் கூறுவது

இதை முதன்முதல் விரிவாக ஆராய்ந்தவருள் ஒருவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி. தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700இல் அவர் வெளியிட்ட நூலில், நின்று வேலை செய்வோர்க்கு ஒரு பகுதியும் அமர்ந்து வேலை செய்வோர்க்கு மற்றொரு பகுதியும் உண்டு. நிற்பவர் இடையிடையே அமரவும், அமர்பவர் உடலை இயக்கவும் வேண்டும் என்பதே அவர் அறிவுரையின் சாரம்.

நெடுநேரம் அசையாமல் நிற்பவருக்குக் குருதி காலில் தேங்குகிறது. பாதம் வீங்குகிறது, நரம்பு சுருண்டது என்று நாம் சொல்லும் இரத்தக்குழாய்ப் புடைப்பு நாளடைவில் உண்டாகலாம். நடக்கும்போது கெண்டைத் தசை சுருங்கிக் குருதியை மேலே தள்ளுகிறது. ஓரிடத்தில் நிற்கும்போது அவ்வுதவி கிடைப்பதில்லை.

அமர்வதிலும் தீங்கு உண்டு. முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளின் அழுத்தத்தை 1960களில் அளந்த சுவீடன் மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், சாய்மானமின்றி அமரும்போது அவ்வழுத்தம் நிற்கும்போது உள்ளதைவிட மிகுதி என்று கண்டார். 1990களில் நடந்த அளவீடுகள், அவ்வேறுபாடு முன்பு எண்ணிய அளவு பெரிதன்று எனக் காட்டின. ஆனால் இரு காலத்து ஆராய்ச்சிகளும் ஒத்துக்கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. நின்றாலும் அமர்ந்தாலும், முன்புறம் குனிந்தால் அழுத்தம் ஏறுகிறது. என் இடுப்பைக் கெடுத்தது நிற்றலன்று, குனிதலே.

உயரத்தை அளக்கும் முறை

நிமிர்ந்து நின்று, மேற்கையை உடலோடு ஒட்டி, முழங்கையை மடக்குக. தரையிலிருந்து முழங்கை வரை அளக்க. இதுவே அடிப்படை அளவு. நின்று செய்யும் வேலைகளுக்கு இதிலிருந்து மேசையின் உயரத்தைக் கணக்கிடலாம்.

1. நுண்பணி, அதாவது பூவேலை, பழுது பார்த்தல், சிறு செதுக்கல் முதலியன: முழங்கைக்கு ஏறத்தாழ 5 செ.மீ. மேலே. கண்ணருகே பொருள் வருவதால் கழுத்து குனியாது.

2. இலேசான கைவேலை, அதாவது துணி மடித்தல், பொட்டலம் கட்டுதல், காய் தரம் பிரித்தல் முதலியன: முழங்கைக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே.

3. உடல் வலுவைச் செலுத்தும் வேலை, அதாவது இழைத்தல், அறுத்தல், அழுத்திக் கட்டுதல் முதலியன: முழங்கைக்கு 15 முதல் 40 செ.மீ. கீழே. உடலின் பாரமும் கைக்குத் துணை செய்யும்.

இவ்விதிப்படி என் மேசைக்கால்களுக்கு அடியில் 13 செ.மீ. கட்டை கொடுத்து 88 செ.மீ. ஆக்கினேன். முழங்கைக்கு 17 செ.மீ. கீழே, இழைப்பதற்குப் பொருத்தம். நுண்பணிக்கு அதன்மேல் 22 செ.மீ. உயரமுள்ள பெட்டி ஒன்றை வைத்துக்கொள்கிறேன். கூட்டினால் 110 செ.மீ., அதாவது முழங்கைக்கு 5 செ.மீ. மேல். இலேசான வேலைக்குப் 10 செ.மீ. பலகை போதும். இவ்வாறு ஒரே மேசை மூன்று மேசையாயிற்று.

அமர்வதற்கு 65 செ.மீ. உயர முக்காலி ஒன்று செய்தேன். அதில் அமர்ந்தால் கால் தரையைத் தொடாது. ஆகவே 23 செ.மீ. உயரத்தில் காலுக்கு ஒரு குறுக்குக்கட்டை அடித்தேன். கால் தொங்கினால் தொடையின் அடிப்புறம் அழுந்தும். கால்பலகை இல்லாத உயர்ந்த இருக்கை, இருக்கையே அன்று. இப்போது இழைக்கையில் நிற்கிறேன். அளந்து கோடு கிழிக்கையிலும் செதுக்குகையிலும் அமர்கிறேன். அரைமணிக்கு ஒருமுறை நிலை மாறுகிறது. வலியும் குறைந்தது.

தறிக்கும் வயலுக்கும்

குழித்தறியில் அமர்வோரும் இதே கண்கொண்டு நோக்க வேண்டும். மிதியின்மேல் பாதம் முழுதும் படிகிறதா? படைமரம் முழங்கையின் மட்டத்தை ஒட்டி நிற்கிறதா? தந்தை அளவுக்குத் தோண்டிய குழியில் இன்று மருமகள் அமர்கிறாள். 2019-20இல் எடுத்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர். நெய்வோருள் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பெண்கள். தறியோ பெரும்பாலும் ஆண்மகன் அளவில் நிற்கிறது. மிதிக்கு அடியில் ஒரு பலகை, இருக்கையில் இரண்டங்குல மனை, இவை போதும். பல வீடுகளில் துன்பம் நீங்கும். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறும் இடங்களில் மேடைத்தறிக்கு மாற எண்ணுவோர், தறியை நிறுத்துமுன்பே இவ்வளவுகளை எடுத்துக்கொள்ளுதல் நன்று.

காய்கறியும் பூவும் பயிரிடும் அங்கத்தினர், தரம் பிரிப்பதற்குத் தரையில் குந்தியிருப்பதே வழக்கம். அச்சரக்கைச் சங்கத்தின் கூடத்தில் ஒரு மேசைமேல் பரப்பினால், நின்றும் முக்காலியில் அமர்ந்தும் மாறி மாறிப் பிரிக்கலாம். சரக்கும் மண்படாது.

சட்டமும் சங்கமும்

இது தயவைப் பற்றிய செய்தி மட்டுமன்று. நின்று வேலை செய்ய வேண்டியவர்க்கு இடையே அமர வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு விதித்தது. கடைகளில் நாள் முழுதும் நின்ற பெண்களின் கோரிக்கையை ஏற்றுக் கேரளம் 2018இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்று வகை செய்தது. விற்பனை நிலையம் நடத்தும் சங்கங்கள் இதை மறத்தலாகாது.

நான் எழுதிய தணிக்கைக் குறிப்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மறு ஆண்டு அதே சங்கத்துக்குச் சென்று, மடிப்பு மேசையருகே ஒரு முற்பகல் நின்று பார்த்தேன். மேசை தாழ்ந்திருந்தது. என் குறிப்புக்கு அஞ்சி, இரண்டாம் தவணை முக்காலிகளைச் சங்கத்தார் வாங்காமல் விட்டிருந்தனர். அதனால் ஓராண்டு நின்றவர் நான்கு பெண்கள். செலவு முறையானதே என்று எழுதி, முன் எழுதிய குறிப்பை நீக்கப் பரிந்துரைத்தேன். அம்மூதாட்டி அப்போது வேலையை விட்டு நின்றுவிட்டார். அவரிடம் நேரில் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

ஆகவே சங்கங்கள் மேசை வாங்குமுன் ஆளை அளக்க வேண்டும். உயரமானவருக்கு ஏற்ப மேசை செய்து, குறைந்தவருக்குக் கால்பலகை கொடுக்க வேண்டும். அமர்வதற்கு ஒன்றும் நிற்பதற்கு ஒன்றும் என இரு வழியும் திறந்திருக்க வேண்டும். எது நல்லது என்ற கேள்விக்கு விடை, மாறி மாறிச் செய்வதே நல்லது என்பதாகும்.

கூட்டத்தில் ஆராய்வதற்கு

1. உங்கள் தறியில் இன்று அமர்பவர் யார்? குழி யாருடைய அளவில் தோண்டப்பட்டது?

2. சங்கத்தின் மடிப்பு மேசை தரையிலிருந்து எத்தனை செ.மீ. உயரம்? அங்கு வேலை செய்வோரின் முழங்கை உயரம் என்ன?

3. உங்கள் சங்கத்தில் நாள் முழுதும் நிற்பவர் எவர்? அவர் அமர ஓர் இடம் உண்டா?